டிரெக்டரியில் உங்கள் வெப்சைட் வர எத்தனை நாள்? கொழும்புக் கடைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வெள்ளவத்தையில் சாரி பிளவுஸ் தைக்கும் அக்கா ஒருவருக்கு வெப்சைட் செய்து கொடுத்திருந்தேன். ஒரு திங்கட்கிழமை அதை ஏழெட்டு டிரெக்டரிகளுக்கு அனுப்பினோம். வியாழக்கிழமை காலையில் போன் வந்தது. "தம்பி, என்ர போனிலயும் தேடிப் பார்த்தன், மகளின்ர போனிலயும் தேடிப் பார்த்தன். ஒண்டையும் காணேல்ல. காசு கட்டினாத்தான் போடுவினமோ?"

இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. கொட்டாஞ்சேனை, செட்டியார் தெரு, தெஹிவளை என்று எங்கே வேலை செய்தாலும் மூன்றாம் நாள் இது வந்துவிடும். ஒரே எண்ணாகப் பதில் சொல்ல முடியாது. சில இடங்களில் பத்து நிமிடம், சில இடங்களில் பத்து நாள். சில இடங்களில் வராமலே போகும், வராது என்று சொல்லவும் ஆள் இருக்காது. ஆனால் பல கடைகளுக்கு இதைச் செய்தபின் ஒன்று தெரிந்துகொண்டேன். வீணாகும் நாட்களில் பெரும்பகுதி டிரெக்டரிக்காரரிடம் போவதில்லை. நம் பக்கத்தில்தான் போகிறது: பிழையான முகவரி, எடுக்காத போன், திறக்காத ஈமெயில், பொறுமையில்லாமல் இரண்டாம் தடவை அனுப்பிய படிவம்.

டிரெக்டரி என்று இங்கே நான் சொல்வதில் கூகுள், பிங் போன்ற தேடுபொறிகளின் கடைப் பதிவுகள், மஞ்சள் பக்க வகை உள்ளூர்ப் பட்டியல்கள், தொழில் சங்கங்களின் பட்டியல்கள், ஆட்கள் கையால் தொகுக்கும் இணையப் பட்டியல்கள் எல்லாமே அடக்கம்.

எந்த நாளிலிருந்து எண்ணுவது?

காத்திருப்பு மூன்று விதம். மூன்றையும் ஒன்றாகக் குழைத்துக்கொள்வதால்தான் குழப்பம்.

முதலாவது வரிசை. நீங்கள் அனுப்பிய படிவத்தை யாரோ ஒருவர், அல்லது ஒரு மென்பொருள், எடுத்துப் பார்க்கும்வரை உள்ள நேரம். இரண்டாவது சரிபார்ப்பு. கடை உண்மையிலேயே அங்கே இருக்கிறதா, அனுப்பியவர் கடைக்காரர்தானா என்று உறுதி செய்யும் நேரம். இந்தப் பகுதி பெரும்பாலும் உங்கள் கையில்தான். மூன்றாவதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். டிரெக்டரியில் உங்கள் பக்கம் வந்தபின், கூகுள் வந்து அந்தப் பக்கத்தைப் படித்துத் தன் தேடலில் சேர்க்கும்வரை உள்ள நேரம்.

அக்காவுக்கு நடந்தது மூன்றாவது. அந்த வியாழக்கிழமை இரண்டு டிரெக்டரிகளில் அவருடைய கடை ஏற்கெனவே வந்திருந்தது. அவர் தேடியதோ கூகுளில். கூகுள் அந்தப் புதுப் பக்கங்களை இன்னும் எட்டிப் பார்த்திருக்கவில்லை. டிரெக்டரிக்குள்ளேயே போய்த் தேடச் சொன்னேன். "ஓ, இதில கிடக்கு" என்றார்.

பழைய கதை கொஞ்சம்

இணையத்தில் இன்றைக்கும் "ஆறு மாதம், ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்" என்று எழுதிய பழைய கட்டுரைகள் கிடைக்கும். அது பொய்யில்லை, காலம் கடந்த உண்மை.

1994இல் ஜெரி யாங், டேவிட் ஃபைலோ என்ற இரண்டு மாணவர்கள் தங்களுக்குப் பிடித்த தளங்களை வகை பிரித்துப் பட்டியலிட்டார்கள். அதுதான் யாகூ. பிற்காலத்தில் வணிகத் தளங்கள் அந்தப் பட்டியலுக்கு விண்ணப்பிக்க ஆண்டுக்கு 299 டொலர் கட்ட வேண்டும். கட்டினால் 7 வேலை நாளுக்குள் பார்த்துச் சொல்வார்கள். கவனியுங்கள், பார்ப்பதற்குத்தான் அந்தக் காசு. சேர்ப்பார்கள் என்று உத்தரவாதம் கிடையாது. 1998இல் தொடங்கிய டிமோஸ் என்ற இணையப் பட்டியல் இலவசம். தொண்டர் ஆசிரியர்கள் ஒவ்வொரு தளத்தையும் கண்ணால் பார்த்துச் சேர்த்தார்கள். ஒரு பிரிவுக்கு ஆசிரியர் இருந்தால் சில வாரம், இல்லாவிட்டால் வருடக்கணக்கு. இரண்டாம் தடவை அனுப்பினால் பழைய விண்ணப்பம் அழிந்து, வரிசையின் கடைசிக்குப் போய்விடுவீர்கள். வங்கிக் கியூவில் நின்றவர் வெளியே போய்த் திரும்பி வந்து நிற்பது போல.

கூகுள் தன்னுடைய டிரெக்டரியை 2011இல் மூடியது. யாகூவின் டிரெக்டரி 2014 டிசம்பரில் போனது. டிமோஸ் 2017 மார்ச் 17 அன்று மூடப்பட்டது. அதன் தொண்டர்கள் சிலர் கர்லி என்ற பெயரில் அதைத் தொடர்கிறார்கள், அதே பழைய வேகத்தில். ஆகவே, "டிமோஸில் போட்டுத் தருகிறோம்" என்று இன்று யாராவது விலை சொன்னால், மரியாதையாகத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

படி 1: தளத்தை வாசலில் நிறுத்துவதற்கு முன்

அரைகுறையாக இருக்கும் தளத்தை அனுப்பாதீர்கள். "விரைவில் வருகிறது" என்று ஒரு படம் மட்டும் போட்ட தளத்தைக் கையால் பார்க்கும் எந்த ஆசிரியரும் தள்ளிவிடுவார். தள்ளியதைச் சொல்லவும் மாட்டார். தொடர்புப் பக்கத்தில் முகவரியும் போன் எண்ணும் எழுத்தாக இருக்கட்டும். அழகான படமாகச் செய்து ஒட்டியிருந்தால் பிரதி எடுக்க முடியாது, தேடுபொறிக்கும் படிக்கச் சிரமம். பிரவுசர் "பாதுகாப்பற்றது" என்று காட்டும் தளம், போனில் பக்கவாட்டில் வழியும் தளம் இரண்டையும் முதலில் சரி செய்யுங்கள்.

வேர்ட்பிரஸ்ஸில் செய்தவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. செட்டிங்ஸுக்குள் ரீடிங் என்ற பகுதியில் தேடுபொறிகளைத் தவிர்க்கச் சொல்லும் ஒரு சிறு கட்டம் இருக்கும். தளம் கட்டும்போது அதில் டிக் போட்டுவிட்டு, திறந்தபின் எடுக்க மறப்பார்கள். நானும் மறந்திருக்கிறேன். இரண்டு வாரம் "ஏன் வரவில்லை" என்று டிரெக்டரிகளைத் திட்டிக்கொண்டிருந்தபின்தான் அந்த டிக் கண்ணில் பட்டது. வாடிக்கையாளரிடம் எப்படிச் சொன்னேன் என்பதை விட்டுவிடுவோம்.

படி 2: ஒரே தாள்

நேரத்தை உண்மையில் மிச்சப்படுத்தும் இடம் இதுதான். விண்ணப்பப் படிவம் எதையும் திறக்குமுன் ஒரு தாளில் உங்கள் விபரங்களை எழுதுங்கள். பிறகு எல்லா இடத்திலும் அந்தத் தாளிலிருந்து பிரதி எடுத்து ஒட்டுங்கள். மனத்திலிருந்து ஒரு எழுத்தும் அடிக்காதீர்கள். ஒரே கடைக்கு மூன்று விதமான முகவரி போனால், தேடுபொறிகளுக்கு அது மூன்று கடை.

பெயர்: பெயர்ப்பலகையில் எப்படியோ அப்படியே. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவு செய்யும்போது கொடுத்த பெயர் ஒன்று, பலகையில் உள்ளது இன்னொன்று என்றால், ஆட்கள் அறிந்த பலகைப் பெயரையே எடுங்கள், பதிவுச் சான்றிதழைப் பக்கத்தில் வைத்திருங்கள். பெயரோடு "வெள்ளவத்தையின் சிறந்த பிளவுஸ்" என்று வால் ஒட்டாதீர்கள். கூகுளின் விதிப்படி அது குற்றம், பதிவையே நிறுத்தலாம். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் பெயரை எழுதி வையுங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலை ஒருமுறை முடிவு செய்தால் பிறகு மாற்றக் கூடாது.

முகவரி: கொழும்பில் இது தனி வித்தை. பல தெருக்களுக்கு இரண்டு பெயர். ஹெவ்லொக் வீதிதான் சம்புத்தத்வ ஜயந்தி மாவத்தை. புல்லர்ஸ் றோட் என்று பெரியவர்கள் சொல்வது பௌத்தாலோக மாவத்தை. தேர்ஸ்டன் வீதி என்பது குமாரதுங்க முனிதாச மாவத்தை. தெருப் பலகையிலும் உங்கள் மின்சாரப் பில்லிலும் எந்தப் பெயர் இருக்கிறதோ அதை எடுங்கள், ஏனென்றால் சரிபார்ப்பில் அந்தப் பில்லைக் கேட்கக்கூடும். வெள்ளவத்தைக்கே ஆங்கிலத்தில் கடைசி எழுத்து "ஈ" என்பாரும் உண்டு, "ஏ" என்பாரும் உண்டு. ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். தபால் குறியீடு கேட்கும் படிவத்தில் "6" என்று அடித்தால் சில இடங்களில் ஏற்காது. கொழும்பு 6 என்றால் 00600, கொழும்பு 13 என்றால் 01300.

தொலைபேசி: வெளிநாட்டுப் படிவங்களில் 94க்குப் பிறகு முன்னால் உள்ள பூச்சியத்தை விட வேண்டும். 94 போட்டு, பிறகு 011 என்று முழுதாக அடிப்பதுதான் நான் அதிகம் திருத்தும் பிழை. கொடுக்கும் எண் பகலில் யாராவது எடுக்கும் எண்ணாக இருக்கட்டும். சரிபார்ப்பு அழைப்பு வரும்போது அது கடைப் பையனின் பையில் அதிர்ந்துகொண்டிருந்தால் உங்கள் நாள் போச்சு.

அறிமுகம்: இரண்டு வரியில் ஒன்று, ஒரு பத்தியில் ஒன்று. கூகுள் 750 எழுத்து வரை விடும். தமிழில் எழுதுபவர்கள் ஒன்று தெரிந்து வைத்திருக்க வேண்டும். கணினி நம்மைப் போல எழுத்தை எண்ணுவதில்லை. "கொழும்பு" நமக்கு நாலு எழுத்து, கணினிக்கு எட்டு. மெய்யையும் அதன்மேல் ஏறும் குறியையும் தனித்தனியாக எண்ணும். ஆகவே தமிழ் அறிமுகம் நீங்கள் நினைத்ததில் பாதியிலேயே நிறைந்துவிடும். முக்கியமானதை முதல் வரியில் சொல்லுங்கள்.

உங்கள் தளத்தின் முகவரியே ".இலங்கை" என்று முடியும் தமிழ் முகவரி என்றால் இன்னொரு தடை உண்டு. சில படிவங்கள் அதை "தவறான முகவரி" என்று திருப்பி அனுப்பும். அதே முகவரிக்கு எக்ஸ், என், இரண்டு கோடு என்று தொடங்கும் ஓர் ஆங்கில எழுத்து வடிவம் உண்டு. பதிவு செய்த இடத்தில் கேட்டு அதையும் தாளில் எழுதிவிடுங்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் ஏற்கும்.

ஈமெயில்: கடைக்கென்று ஒன்று. வெப்சைட் செய்தவருடையது வேண்டாம், என்னுடையதும் வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

படி 3: எதை எப்போது அனுப்புவது

முதல் நாள் கூகுள் சேர்ச் கொன்சோல். இது டிரெக்டரி இல்லை, டிரெக்டரியில் உள்ள உங்கள் பக்கத்துக்கும் உதவாது. ஆனால் உங்கள் சொந்தத் தளத்தை கூகுள் தன் தேடலில் சேர்க்கும் காத்திருப்பைச் சுருக்க இதுதான் வழி. தளம் உங்களுடையது என்று உறுதி செய்து, சைட்மேப்பைக் (தளத்தில் உள்ள பக்கங்களின் பட்டியல்) கொடுத்து, முகப்புப் பக்கத்தைத் தேடலில் சேர்க்கச் சொல்லி ஒருமுறை வேண்டுகோள் வையுங்கள். சில நாளிலிருந்து சில வாரம் வரை ஆகலாம் என்று கூகுளே சொல்கிறது. அந்தப் பொத்தானைத் திரும்பத் திரும்ப அமுக்குவதால் வேகம் கூடாது. லிப்ட் பட்டனை அமுக்குவது போலத்தான்.

அதே நாள் கூகுள் பிஸ்னஸ் ப்ரொபைல், அதாவது கூகுளின் கடைப் பதிவு. ஆட்கள் நேரில் வரும் கடை, அல்லது நீங்கள் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய்ச் செய்யும் தொழில் என்றால்தான் இதற்குத் தகுதி. முழுக்க ஒன்லைனில் மட்டும் விற்பவர்களுக்கு இடமில்லை. வீட்டிலிருந்து சமைத்து அனுப்புபவர்கள், வீடு வீடாகப் போய் ஏசி திருத்துபவர்கள் வீட்டு முகவரியை மறைத்துவிட்டு, சேவை செய்யும் பகுதிகளை மட்டும் காட்டலாம்.

சரிபார்ப்பு முறையை கூகுள்தான் தெரிவு செய்யும், நாம் இல்லை. போன், ஈமெயில் என்றால் அன்றைக்கே முடியலாம். தபாலட்டை என்றால் 5 இலக்கக் குறியீட்டோடு வரும், 14 நாள்வரை ஆகலாம், குறியீடு 30 நாளில் காலாவதி. தபால் வரும்வரை பெயரையோ முகவரியையோ தொடாதீர்கள். மாடிக் கடை என்றால் தபால்காரருக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கீழே உள்ள மருந்துக்கடையில் கொடுத்துவிட்டுப் போன அட்டைகள் பல.

இப்போது பலருக்கு வீடியோ கேட்கிறது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அக்காவும் நானும் முதல் தடவை சொதப்பினோம். கடைக்குள் நின்று தையல் மெஷின், தொங்கவிட்ட பிளவுஸ்கள், கண்ணாடி என்று அழகாக எடுத்து அனுப்பினோம். திரும்பி வந்துவிட்டது. கேட்டது அழகில்லை, ஆதாரம். வெட்டாமல் ஒட்டாமல் ஒரே ஓட்டமாக, குறைந்தது 30 செக்கன், மூன்று விஷயம் தெரிய வேண்டும்: கடை எங்கே இருக்கிறது, என்ன தொழில் நடக்கிறது, எடுப்பவர் அதை நடத்துபவர்தானா.

இரண்டாம் தடவை காலை எட்டரைக்கு, கடை திறக்குமுன் போனேன். காலி வீதியில் எதிர்ப் பக்கத்திலிருந்து தொடங்கினோம். பக்கத்துக் கடைப் பலகைகள், ஒழுங்கையின் தெருப்பெயர்ப் பலகை, பிறகு அக்காவின் பலகை. அங்கிருந்து நேரே ஷட்டருக்கு. அக்கா கைப்பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து, இரண்டு பூட்டையும் திறந்து, ஷட்டரைப் பாதிவரை தூக்கினார். குனிந்து உள்ளே போய் லைட் போட்டு, மேசை லாச்சியைத் திறந்து கடைப் பெயர் அச்சடித்த பில் புத்தகத்தைக் காட்டினார். நடுவில் 100ஆம் நம்பர் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. பரவாயில்லை, சத்தத்துக்கு மார்க் குறைக்க மாட்டார்கள். மற்றவர்கள் முகமோ வங்கி விபரமோ விழாமல் பார்த்துக்கொண்டால் சரி. பார்த்துச் சொல்ல 5 வேலை நாள்வரை எடுக்கலாம். எங்களுக்கு அதற்குள் வந்துவிட்டது.

வரைபடத்தில் குத்தூசியைக் கையால் வாசலில் வையுங்கள். புறக்கோட்டையின் குறுக்குத் தெருக்களில் கடைகள் நெருக்கம். தானாக விழும் குத்தூசி அடுத்த தெருவில் விழுந்தால், ஆட்களும் அடுத்த தெருவுக்குத்தான் போவார்கள்.

கூகுள் முடிந்ததும் பிங் பிளேஸஸ். கூகுளில் உள்ள பதிவை அப்படியே இழுத்துக்கொள்ளும் வசதி அதில் உண்டு. அதனால்தான் இந்த ஒழுங்கு. முதலில் பிங் செய்தால் ஒரே வேலை இரண்டு தடவை. ஐபோன் வைத்திருப்பவர்கள் பார்ப்பது அப்பிளின் வரைபடம். அதற்கு அப்பிளின் கடைப் பதிவு, 2023இல் அப்பிள் பிஸ்னஸ் கனெக்ட் என்ற பெயரில் வந்தது. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவுகள் உங்கள் வாடிக்கையாளர்கள் என்றால் இதை விடாதீர்கள். பேஸ்புக் பக்கம் உடனே வரும், அதிலும் தாளில் உள்ள முகவரியையே போடுங்கள்.

ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை எங்கள் ஆட்கள் அதிகம் கவனிப்பதில்லை. யாரும் கணக்குத் திறந்து தங்கள் கடையைத் தாங்களே குறிக்கலாம், சில நிமிடத்தில் வரைபடத்தில் தெரியும். எல்லாவற்றிலும் வேகமானது இதுதான். ஆனால் அந்த வரைபடத்தை இறக்கி வைத்துப் பயன்படுத்தும் செயலிகளில் அவர்களுடைய அடுத்த அப்டேட்டோடுதான் வரும். விளம்பர வார்த்தை அங்கே எழுதக் கூடாது, மற்றவர்கள் அழித்துவிடுவார்கள்.

இரண்டாம் வாரத்தில் உள்ளூர்ப் பட்டியல்கள். ஸ்ரீ லங்கா டெலிகொமின் ரெயின்போ பேஜஸ் இதில் முதன்மையானது. வீடுகளில் தொலைபேசிக்குப் பக்கத்தில் தடித்த புத்தகமாகக் கிடந்த மஞ்சள் பக்கங்களின் இணைய முகம். இதுபோன்ற உள்ளூர்ப் பட்டியல்களில் பெரும்பாலும் மனிதர்தான் போன் எடுத்து விபரம் உறுதி செய்வார். சில நாளிலிருந்து இரண்டு வாரம் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். எது இலவசம், எது கட்டணம் என்பதை அந்தப் போனிலேயே கேட்டுத் தெளிவாகிவிடுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

தொழில்சார் பட்டியல்கள் வேறு இனம். சாப்பாட்டுக் கடை, விருந்தினர் விடுதி என்றால் ட்ரிப்அட்வைசர். விடுதிக்காரர் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு செய்திருந்தால் அந்தப் பட்டியல். ஏற்றுமதி செய்பவருக்கு ஏற்றுமதி அபிவிருத்திச் சபையின் பட்டியல். இலங்கை வர்த்தக சம்மேளனம் போன்றவற்றின் உறுப்பினர் பட்டியலும் உண்டு. இவற்றில் "வெப்சைட் வர எத்தனை நாள்" என்று கேட்பதே பொருந்தாது. பதிவோ உறுப்புரிமையோ கிடைக்க எவ்வளவு காலமோ அவ்வளவு காலம், அதன்பின் பட்டியல் தானாக வரும். ஆனால் இப்படி ஒரு பட்டியலில் இருப்பது, யாரென்று தெரியாத இருபது டிரெக்டரிகளில் இருப்பதைவிடப் பெறுமதி.

கடைசியாக, நேரம் இருந்தால், கர்லி. சரியான பிரிவைத் தேடிப் பிடித்து, ஒரே ஒருமுறை அனுப்பிவிட்டு மறந்துவிடுங்கள். வந்தால் வரட்டும்.

படி 4: காத்திருக்கும்போது

ஒரு கொப்பி வாங்குங்கள். அக்காவுக்கு மகளின் பழைய சிஆர் கொப்பியே போதுமாக இருந்தது. டிரெக்டரியின் பெயர், அனுப்பிய திகதி, எந்த ஈமெயிலில், அவர்கள் சொன்ன காலம், வந்த திகதி. இந்த ஐந்து நிரல்.

"வேலை நாள்" என்று சொன்னால் யாருடைய வேலை நாள் என்று பாருங்கள். உள்ளூர் நிறுவனம் என்றால் போயா நாளைக் கழியுங்கள். சித்திரைப் புத்தாண்டு வாரத்தில் அனுப்பியதை அடுத்த வாரத்தில் அனுப்பியதாகவே எண்ணுங்கள். கலிபோர்னியா நிறுவனம் என்றால் நமக்குத் திங்கட்கிழமை காலை, அவர்களுக்கு இன்னும் ஞாயிற்றுக்கிழமை. வெள்ளி பின்னேரம் அனுப்பிவிட்டுத் திங்கள் காலை "மூன்று நாளாச்சு" என்று சொல்வதில் ஒரு வேலை நாளாவது இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

அனுப்பிய அன்றே ஈமெயில் பெட்டியைப் பாருங்கள், ஸ்பாம் பெட்டியையும். பல டிரெக்டரிகள் உறுதி செய்யும் இணைப்பு ஒன்றை அனுப்பும். அதை அமுக்கும்வரை உங்கள் படிவம் வரிசைக்கே வராது. இப்படி மூன்று வாரம் வாசலிலேயே கிடந்த விண்ணப்பங்களைக் கண்டிருக்கிறேன்.

சொன்ன காலம் முடியுமுன் கேட்காதீர்கள். முடிந்தபின் ஒரு வாரம் விட்டு, ஒருமுறை, இரண்டு வரியில் கேளுங்கள்: கடையின் பெயர், அனுப்பிய திகதி, ஏதாவது குறையா. மீண்டும் படிவம் நிரப்பாதீர்கள். டிமோஸ் போனாலும் அந்த நோய் போகவில்லை. இன்றைக்கு இரண்டாம் படிவம் போட்டால் ஒரே கடைக்கு இரண்டு பதிவு வந்து, எதில் ரிவியூ விழுகிறது என்றே தெரியாமல் போகும்.

படி 5: வந்ததா என்று எப்படிப் பார்ப்பது?

முதலில் டிரெக்டரிக்குள்ளேயே தேடுங்கள். கிடைத்தால் அந்தப் பக்கத்தின் முகவரியைக் கொப்பியில் எழுதுங்கள். பிறகு கூகுளில் உங்கள் போன் எண்ணை இரட்டை மேற்கோளுக்குள் வைத்துத் தேடுங்கள், 011 வடிவத்திலும் 94 வடிவத்திலும். கடைப் பெயரைவிட இது நம்பகமானது, ஏனென்றால் ஒரே பெயரில் யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் கடை இருக்கலாம், ஒரே எண் இருக்காது. இப்படித் தேடும்போது, பழைய முகவரியோடு யாரோ எப்போதோ போட்ட பதிவுகளும் வெளியே வரும். புதிதாக ஐந்து சேர்ப்பதைவிட அவற்றைத் திருத்துவது முக்கியம். அக்கா முன்பு பம்பலப்பிட்டியில் கடை வைத்திருந்தவர். அந்த முகவரியோடு ஒரு பதிவு கிடந்தது. அங்கே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் எத்தனை பேரோ.

காசு, சாவி இரண்டும்

கூகுள், பிங், அப்பிள் பதிவுகள் இலவசம். "கூகுளிலிருந்து பேசுகிறோம், பதிவைப் புதுப்பிக்கக் காசு கட்டுங்கள்" என்று வரும் அழைப்பை வைத்துவிடுங்கள். "500 டிரெக்டரியில் ஒரே வாரத்தில்" என்ற விளம்பரமும் அதே ரகம். கடைக்கு ஆள் வராது, பேர் மட்டும் கெடும். தரமற்ற டிரெக்டரிகளிலிருந்து வாங்கும் இணைப்புகளை கூகுள் தன் ஸ்பாம் விதிகளில் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. இப்படிப்பட்ட இணைப்பு வியாபாரத்தைத் தண்டிக்கவே 2012 ஏப்ரலில் பென்குயின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தது. பல நல்ல டிரெக்டரிகளும் இப்போது இணைப்பில் "இதைத் தரவரிசைக்கு எண்ண வேண்டாம்" என்ற குறியோடுதான் தருகின்றன. அதில் பிழையில்லை. ஆள் தேடி வந்து போன் அடிக்கத்தான் பதிவு.

ஈமெயில் விஷயம். கொட்டாஞ்சேனையில் ஒரு ஸ்டூடியோக்காரருக்கு வெப்சைட் செய்த நிறுவனம், கூகுள் பதிவைத் தங்கள் ஈமெயிலில் திறந்துவிட்டு, பிறகு போனே எடுக்கவில்லை. நேரத்தை மாற்றக்கூட அவரால் முடியவில்லை. இப்படி மாட்டினால், அந்தப் பதிவுக்கு உரிமை கேட்டு கூகுள் வழியாக வேண்டுகோள் வைக்கலாம். இப்போது வைத்திருப்பவருக்குப் பதில் சொல்ல 3 நாள். பதிலில்லாவிட்டால் நீங்களே சரிபார்த்து எடுக்க வாய்ப்பு வரலாம். ஸ்டூடியோக்காரர் அப்படி எடுத்துவிட்டார், ஆனால் அலைச்சல் அலைச்சல்தான். சாவி உங்கள் கடையில் இருக்கட்டும், வேலை செய்பவரை மேலாளராக மட்டும் சேருங்கள், வேலை முடிந்ததும் நீக்குங்கள். என்னையும் அப்படித்தான் நீக்கச் சொல்வேன்.

மூன்று மாதம் கழித்து அக்காவின் கொப்பியைப் பார்த்தேன். "வந்த திகதி" நிரலில் இரண்டு கட்டம் வெறுமை. ஒன்று கர்லி. மற்றது ஒரு பெண்கள் தொழில்முனைவோர் பட்டியல். அதற்கு மட்டும் இன்னொருமுறை எழுதிக் கேட்போம் என்றேன். "அது கிடக்கட்டும் தம்பி" என்றார் அக்கா, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே. "தீபாவளிக்கு இரவு ஒன்பது மட்டும் திறக்கப் போறன். எல்லாத்திலயும் நேரத்தை மாத்தோணும். அதுக்கு எத்தனை நாள்?"